கோடு வரையும் டெர்மினலில் பிழை தேட ஓர் எழுத்து வெளியீட்டு ஃபங்ஷன்

நிரல் தவறாக ஓடினால் நாம் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். நடுவில் ஒரு வரி சேர்த்து, சந்தேகப்படும் மாறியின் மதிப்பை அச்சிட்டுப் பார்ப்போம். சாதாரண டெர்மினலில் இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் கோடு வரையும் கிராபிக்ஸ் டெர்மினலில் இதையே செய்தால் மதிப்பு திரைக்கு வராது. படத்தின் குறுக்கே எங்கிருந்தோ எங்கேயோ இரண்டு மூன்று கோடுகள் ஓடும். எனக்கு முதல்முறை இப்படி ஆனபோது, பிழை இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்து, சரியாக இருந்த கணக்கை ஒரு மாலை முழுவதும் மாற்றி மாற்றி எழுதினேன். கணக்கில் தவறே இல்லை. நான் அச்சிட்ட எழுத்துகளைத்தான் டெர்மினல் கோடுகளாக வரைந்துகொண்டிருந்தது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு சிறு ஃபங்ஷன் போதும். நிரலிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு எழுத்தும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். போகும் எழுத்துக்கு டெர்மினல் என்ன பொருள் கொள்ளும் என்பது அந்த வாசலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கட்டும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். சி மொழியை மனத்தில் வைத்து எழுதினாலும், ஒரு பைட்டை வெளியே அனுப்பத் தெரிந்த எந்த மொழியிலும் இதைச் செய்யலாம்.

எந்த டெர்மினல்?

எடுத்துக்காட்டாக டெக்ட்ரானிக்ஸ் 4010 வகையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்த கிராபிக்ஸ் டெர்மினல் இது. குறுக்கே 1024 புள்ளி, உயரத்தில் 780 புள்ளி. ஏறத்தாழ 8 லட்சம் புள்ளிகளை நினைவகத்தில் வைத்திருக்க அந்தக் காலத்தில் ஆகும் செலவை நினைத்தே பார்க்க முடியாது. அதனால் இதில் திரையே நினைவகம். வரைந்த கோடு திரைக்குழாயின் பரப்பிலேயே பச்சையாக ஒளிர்ந்துகொண்டு நிற்கும். ஒரு கோட்டை மட்டும் அழிக்க வழியில்லை. அழித்தால் முழுத்திரையும் ஒரு தடவை பளிச்சிட்டு வெறுமையாகும். பிழை தேடும்போது இது முக்கியம், பின்னால் பாருங்கள்.

இதைப் பழகிப் பார்க்க பழைய இயந்திரம் எதையும் தேட வேண்டாம். லினக்ஸில் உள்ள எக்ஸ்டெர்ம் நிரலுக்குள் இதே குடும்பத்தைச் சேர்ந்த 4014 டெர்மினலின் நடத்தை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. புதியவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு: இதன் மொழி முழுவதும் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

படி 1: சாளரத்தைத் திறத்தல்

கட்டளை வரியில் எக்ஸ்டெர்ம் (xterm) என்ற பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் சிறிய ‘டி’யும் (-t) சேர்த்து என்டர் அழுத்துங்கள். டெக்ட்ரானிக்ஸ் சாளரம் திறக்கும். ஏற்கெனவே திறந்திருக்கும் எக்ஸ்டெர்மிலிருந்தும் போகலாம்: கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு மவுஸின் நடுப்பொத்தானை அழுத்தினால் வரும் மெனுவில் அதற்கான வரி இருக்கும். சில தொகுப்புகளில் இந்தப் பகுதியை நீக்கிவிட்டுக் கட்டியிருப்பார்கள். அப்படியானால் வேறு தொகுப்பு தேவைப்படும்.

உங்கள் ஷெல்லின் ப்ராம்ப்ட், அதாவது கட்டளைக்குக் காத்திருப்பதைக் காட்டும் குறி, வண்ணம் எல்லாம் போட்டு அலங்கரித்ததாக இருந்தால் இந்தச் சாளரத்தில் குப்பை எழுத்துகள் தெரியலாம். இந்த டெர்மினலுக்கு அந்த வண்ணக் குறிகள் புரியாது. ப்ராம்ப்டை ஒற்றை டாலர் குறியாக மாற்றிக்கொண்டு தொடருங்கள்.

படி 2: கையால் ஒரு கோடு

ஷெல்லில் உள்ள பிரிண்ட்எஃப் (printf) கட்டளைக்குக் கீழ்க்கண்ட சரத்தை ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள்:

'\035\043\144\043\104\051\154\057\124\037'

எண்கள் எட்டடிமானத்தில் உள்ளன. பதின்மத்தில் இவை 29, 35, 100, 35, 68, 41, 108, 47, 84, 31. திரையில் (100, 100) என்ற புள்ளியிலிருந்து (500, 300) வரை ஒரு கோடு விழும். ஆதிப்புள்ளி இடப்பக்கக் கீழ்மூலை. பள்ளிக்கூடத்து வரைபடத் தாள் மாதிரி இதில் உயரம் மேல்நோக்கித்தான் வளரும்.

படி 3: அந்தப் பத்து பைட்டுகளைப் படித்தல்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

29 வந்தால் டெர்மினல் ‘வரைநிலை’க்குப் போகும். 31 வந்தால் ‘எழுத்துநிலை’க்குத் திரும்பும். வரைநிலையில் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட். உயரத்தையும் குறுக்களவையும் தனித்தனியாக 32ஆல் வகுத்து, ஈவு ஒரு பைட்டிலும் மீதி ஒரு பைட்டிலும் போகும். வரிசை இது: உயரத்தின் ஈவு, உயரத்தின் மீதி, குறுக்களவின் ஈவு, குறுக்களவின் மீதி.

எது எது என்று டெர்மினலுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றோடும் ஓர் அடையாள எண் கூட்டி அனுப்புகிறோம். ஈவுகள் இரண்டோடும் 32, உயரத்தின் மீதியோடு 96, குறுக்களவின் மீதியோடு 64. (500, 300) புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 300ஐ 32ஆல் வகுத்தால் ஈவு 9, மீதி 12. ஆக 41, 108. 500ஐ வகுத்தால் ஈவு 15, மீதி 20. ஆக 47, 84. மேலே உள்ள சரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறுக்களவின் மீதி, அதாவது 64 முதல் 95 வரையுள்ள பைட், வந்து சேர்ந்த கணத்தில்தான் கோடு விழும். 29க்குப் பிறகு வரும் முதல் புள்ளிக்கு மட்டும் கோடு கிடையாது. பேனாவைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பதுபோல நகர்வு மட்டும்.

இப்போது என் முதல் அனுபவத்துக்கு வருவோம். வரைநிலையில் இருக்கும்போது, குறுக்களவு 5 என்பதைத் தெரிந்துகொள்ள ஆங்கிலப் பெரிய ‘எக்ஸ்’, சமக்குறி, 5, அப்புறம் புதுவரி என்று அச்சிடுகிறோம். ‘எக்ஸ்’ எழுத்தின் குறியீட்டு எண் 88. அது 64–95 எல்லைக்குள் வருவதால் டெர்மினல் உடனே ஒரு கோடு போடும். சமக்குறி 61, 5 என்ற எழுத்து 53. இரண்டையும் ஈவு என்று எடுத்துக்கொண்டு உயரத்தை மாற்றி வைத்துக்கொள்ளும். புதுவரி 10. யூனிக்ஸின் டெர்மினல் அடுக்கு அதை 13, 10 என்று இரண்டாக்கி அனுப்பும். 13 வந்தால் இந்த டெர்மினல் எழுத்துநிலைக்குத் திரும்பிவிடும். அதன்பின் உங்கள் நிரல் அனுப்பும் புள்ளிகள் எல்லாம் எழுத்துகளாகத் திரையில் கொட்டும். பாதிப் படம் கோடாகவும் மீதிப் படம் எழுத்துக் குவியலாகவும் தெரிந்தால், நடுவில் ஏதோ ஒரு புதுவரி நுழைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

படி 4: ஒரே வாசல்

உங்கள் நிரலில் டெர்மினலுக்கு எழுதும் இடங்கள் எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும் ‘அனுப்பு’ என்ற ஒரு ஃபங்ஷனுக்கு மாற்றுங்கள். அதன் வேலை ஒரு பைட்டை வாங்கிக்கொள்வது. இரண்டு கொடி மாறிகள் வேண்டும்: ஒன்று ‘திரை’, இன்னொன்று ‘பதிவு’.

அனுப்பு(ப):
  திரை = 1 என்றால், ப-வை அப்படியே டெர்மினலுக்கு எழுது
  பதிவு = 1 என்றால், காட்டு(ப)

சி மொழியில் டெர்மினலுக்கு எழுதும் வேலைக்கு ஒற்றை எழுத்தை அனுப்பும் புட்சார் (putchar) போதும். புள்ளி பைட்டுகளை ஒரு சரமாகச் சேர்த்து பிரிண்ட்எஃபுக்கு முதல் வாதமாகக் கொடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். உயரம் 160 முதல் 191 வரை இருந்தால் ஈவு பைட் 37. அது சதவீதக் குறி! பிரிண்ட்எஃப் அதை வடிவக் குறியாக எடுத்துக்கொள்ளும். உயரம் 164 என்றால் அடுத்த பைட் 100, சிறிய ‘டி’ (d). சம்பந்தமே இல்லாத ஓர் எண் படத்துக்குள் நுழையும். உயரம் 179 என்றால் அடுத்த பைட் 115, சிறிய ‘எஸ்’. அங்கே இல்லாத ஒரு சரத்தைத் தேடிப் போய் நிரல் பெரும்பாலும் விழுந்துவிடும். படம் முழுக்க நன்றாக வந்து, 32 புள்ளி உயரமுள்ள ஒரே ஒரு பட்டையில் மட்டும் கோணலாகிறது என்றால் காரணம் இதுதான்.

படி 5: கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைத்தல்

இனி ‘காட்டு’. முதல் வடிவம் மிக எளிது.

காட்டு(ப):
  ப < 32 என்றால், ^ குறியும் அதன்பின் (ப + 64) என்ற எழுத்தும் எழுது
  ப = 127 என்றால், ^? எழுது
  மற்றபடி, ப-வையே எழுது

64 கூட்டும் இந்த வழி யூனிக்ஸ் உலகில் பழையது. 29 என்பது ^] ஆகும், 31 என்பது ^_ ஆகும், 27 என்பது ^[ ஆகும். இரண்டு நாள் பார்த்தால் கண் பழகிவிடும்.

பதிவை எங்கே எழுதுவது? ஒரு கோப்பில். முதலில் அப்படியே செய்யுங்கள். வேறொரு சாளரத்தில் அந்தக் கோப்பு வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிழைச் செய்தி போகும் வழியில் அனுப்பினால் என்ன என்று தோன்றும். திசைதிருப்பாமல் விட்டால் அதுவும் இதே டெர்மினலுக்குத்தான் வந்து சேரும், பழைய கதைதான். அதோடு சி மொழியில் வழக்கமான வெளியீடு பஃபர் என்ற தற்காலிக இடத்தில் காத்திருக்கும், பிழை வெளியீடு காத்திருக்காது. ஆகையால் எது முதலில் போனது என்ற வரிசையே குழம்பிவிடும். பதிவுக் கோப்புக்கு எழுதிய பின் ஒவ்வொரு முறையும் பஃபரைக் காலி செய்துவிடுங்கள். வேகம் குறையும், பரவாயில்லை. நிரல் நடுவில் விழுந்தால் கடைசி பைட் வரை பதிவில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

படி 6: வாசலுக்கு நிலையைக் கற்றுக்கொடுத்தல்

முதல் வடிவம் கட்டுப்பாட்டு எழுத்துகளைக் காட்டும், ஆனால் புள்ளிகளைக் குறிகளாகவும் எழுத்துகளாகவும்தான் காட்டும். அதை வைத்து மனிதர் யாரும் பிழை தேட முடியாது. ஆகவே டெர்மினல் செய்வதையே ‘காட்டு’வும் செய்ய வேண்டும். அதற்குள் ஆறு மாறிகள்: நிலை, உயர ஈவு, உயர மீதி, குறுக்கு ஈவு, முந்தைய பைட், முதல் புள்ளியா இல்லையா என்ற கொடி. எல்லாவற்றையும் அழைப்புக்கு அழைப்பு அழியாத மாறிகளாக வையுங்கள்.

29 வந்தால் நிலையை ‘வரை’ என்றும் கொடியை 1 என்றும் வை. 31 அல்லது 13 வந்தால் நிலையை ‘எழுத்து’ ஆக்கு. 27ஐத் தொடர்ந்து 12 வந்தால் திரை அழிப்பு. அதிலும் எழுத்துநிலைக்கே திரும்பு. வரைநிலையில்:

  96–127: இது உயர மீதி
  32–63: முந்தைய பைட் 96–127 என்றால் குறுக்கு ஈவு, இல்லையென்றால் உயர ஈவு
  64–95: குறுக்கு மீதி. புள்ளி முழுமை. கொடி 1 என்றால் ‘நகர்’, 0 என்றால் ‘கோடு’ என எழுதி, புள்ளியை எழுது. கொடியை 0 ஆக்கு

படி 2இன் சரத்தை இதற்குள் செலுத்தினால் பதிவில் இப்படி வர வேண்டும்:

^]
நகர் 100, 100
கோடு 500, 300
^_

இது வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். மேலே உள்ள விதிகளில் 32–63 என்ற நடுவரியைக் கவனியுங்கள்: இரண்டு ஈவுகளுக்கும் ஒரே அடையாள எண் என்பதால், ‘முந்தைய பைட் என்ன’ என்பதை வைத்துத்தான் டெர்மினல் பிரிக்கிறது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான். மாறாத பைட்டை மறுபடி அனுப்ப வேண்டாம் என்று இந்த டெர்மினல் அனுமதிக்கிறது. வேகம் குறைந்த தொலைபேசி இணைப்பில் அது பெரிய மிச்சம். ஆனால் குறுக்கு ஈவு மாறினால், உயர மீதி மாறாவிட்டாலும் அதை முன்னால் அனுப்பியே ஆக வேண்டும்.

(100, 300) இலிருந்து (500, 300)க்கு ஒரு கிடைக்கோடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உயரம் மாறவில்லை என்று 47, 84 மட்டும் அனுப்புகிறீர்கள். முன்னால் 96–127 பைட் இல்லாததால் 47 உயர ஈவாகிவிடும். 15 × 32 + 12 = 492. குறுக்களவு பழைய ஈவு 3ஓடு சேர்ந்து 116. படுக்க வேண்டிய கோடு (116, 492)ஐ நோக்கி ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து நிற்கும். வெறும் திரையை மட்டும் பார்த்தால் இது ஏன் என்று புரியவே புரியாது. பதிவில் ‘கோடு 116, 492’ என்று இருக்கும். எண்ணைப் பார்த்த உடனே புரியும். சரியான வரிசை 108, 47, 84.

4014இன் நுண்ணிய 4096 புள்ளி முறையைப் பயன்படுத்தினால் உயர மீதிக்கு முன் இன்னொரு பைட் வரும், அதற்கும் 96தான் அடையாளம். அதாவது 96–127 எல்லையில் அடுத்தடுத்து இரண்டு வந்தால் முதலாவது கூடுதல் பைட். தொடக்கத்தில் இதைத் தொட வேண்டாம்.

உங்கள் ‘காட்டு’ சரியாகப் படிக்கிறதா என்று எப்படி நம்புவது? வரைபடம் வரையும் க்னுபிளாட் (gnuplot) நிரலில் டெக்ட்ரானிக்ஸ் வரிசைக்கான வெளியீட்டு வகை உண்டு. அதில் ஒரு வளைவை வரையச் சொல்லி, வெளியீட்டைக் கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பை ஒவ்வொரு பைட்டாக ‘காட்டு’வுக்குக் கொடுங்கள். புள்ளிகள் 0–1023, 0–779 எல்லைக்குள் ஒழுங்காக வந்தால் வாசல் தயார். எல்லை தாண்டும் உயரம் வந்தால் அந்த வரியின் முன் ஒரு நட்சத்திரக் குறி போடும்படி இப்போதே எழுதிவிடுங்கள், தேட எளிதாக இருக்கும்.

படி 7: படத்தின்மேலேயே அடையாளம் போடுதல்

பதிவில் 400 வரிகள். திரையில் ஒரு கோடு தவறு. எந்த வரி எந்தக் கோடு? இதற்கு எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. வரைநிலையிலிருந்து 31 அனுப்பி எழுத்துநிலைக்கு வந்தால், எழுத்து கடைசிப் புள்ளி இருந்த இடத்திலேயே தொடங்கும். ஆக ஒவ்வொரு புள்ளியை முடித்ததும் 31, புள்ளியின் வரிசை எண், மறுபடி 29 அனுப்பினால் படத்தின் ஒவ்வொரு முனையிலும் அதன் எண் நிற்கும். பதிவிலும் அதே எண்ணை எழுதிவிட்டால் திரையையும் பதிவையும் விரல் வைத்து ஒப்பிடலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 29க்குப் பிறகு வரும் முதல் புள்ளி வெறும் நகர்வு. அப்படியே விட்டால், அடையாளம் போட்ட ஒவ்வொரு இடத்திலும் அடுத்த கோடு காணாமல் போகும். பிழையைத் தேடப் போட்ட வரியே புதுப் பிழையாகிவிடும். அதனால் 29 அனுப்பிய கையோடு கடைசிப் புள்ளியின் நான்கு பைட்டுகளையும் முழுமையாகத் திரும்ப அனுப்புங்கள். பேனா பழைய இடத்துக்கு வந்துவிடும். மாறாத பைட்டை விட்டுவிட்டு அனுப்பும் பகுதியும் தடுமாறாது. அடையாளத்தை 64–95 பைட்டுக்குப் பிறகு மட்டும் போடுங்கள், ஒரு புள்ளியின் நடுவில் ஒருபோதும் வேண்டாம். இந்த அடையாள பைட்டுகள் ‘அனுப்பு’ வழியாகப் போகக் கூடாது, நேரே டெர்மினலுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் அடையாளத்துக்கு அடையாளம் என்று முடிவில்லாமல் சுற்றும். ‘ஒரே வாசல்’ என்ற விதிக்கு நான் அனுமதிக்கும் ஒரே விலக்கு இது.

போட்ட எண்கள் அழியாது. தெளிவான படம் வேண்டுமென்றால் 27, 12 அனுப்பி முழுத்திரையையும் அழித்து, அடையாளம் இல்லாமல் மறுபடி வரையுங்கள். அசல் இயந்திரத்தில் அழிப்பு முடியும்வரை நிரல் சற்றுக் காத்திருக்க வேண்டும். எக்ஸ்டெர்மில் அந்தத் தேவை இல்லை.

வெளியேறும்போது

நிரல் முடிந்தபின் ஷெல்லின் ப்ராம்ப்ட் கோடுகளாகக் கிறுக்கினால், 31 அனுப்பாமல் வெளியேறியிருக்கிறீர்கள். ஒரு தடவை என்டர் அழுத்துங்கள். திரும்பி வரும் 13 டெர்மினலை எழுத்துநிலைக்குக் கொண்டுவந்துவிடும். நிரந்தரத் தீர்வு, நிரல் எப்படி முடிந்தாலும் ஓடும் முடிவு ஃபங்ஷனில் 31 அனுப்பி பஃபரைக் காலி செய்வது. கடைசிக் கோடு மட்டும் திரைக்கு வரவில்லை என்றாலும் பெரும்பாலும் காரணம் காலி செய்யாத பஃபர்தான்.

பயனரிடமிருந்து புள்ளி வாங்கினால்

27, 26 அனுப்பினால் திரையில் குறுக்குக் கம்பிகள் தோன்றும். பயனர் அவற்றை நகர்த்தி ஒரு விசையை அழுத்தினால் டெர்மினல் உங்களுக்கு ஐந்து பைட் அனுப்பும்: அழுத்திய விசை, குறுக்கு ஈவு, குறுக்கு மீதி, உயர ஈவு, உயர மீதி. இங்கே வரிசை தலைகீழ், குறுக்களவு முன்னால் வருகிறது. நான்குக்கும் அடையாள எண் 32தான். வெளியே அனுப்பும் விதியை இங்கே பயன்படுத்தினால் எல்லாம் தவறும், எனவே இதற்குத் தனியாக ‘வாங்கு’ என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, அதுவும் அதே பதிவுக் கோப்பில் எழுதட்டும்.

கம்பிகளைக் கேட்கும் முன் டெர்மினல் அடுக்கின் எதிரொலியை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் வந்த பைட்டுகள் திரும்பப் போய் படத்தில் விழும். வரி முடியும்வரை காத்திருக்கும் முறையையும் அணைக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்து பைட்டும் வந்து நிற்கும், உங்கள் நிரல் என்டருக்காகக் காத்திருக்கும். வெளியேறும்போது இரண்டையும் பழையபடி வைத்துவிடுங்கள்.

சோதித்துப் பார்க்க, படி 2இல் வரைந்த கோட்டின் வலது முனையில் கம்பிகளை வைத்து இடைவெளிக் கட்டையை அழுத்துங்கள். பதிவில் 32, 47, 52, 41, 44 என்றோ, கை சற்று நகர்ந்திருந்தால் அதை ஒட்டிய எண்களோ வர வேண்டும்.